கல்மீன் குத்தினால் ஐஸ் வேண்டாம், சுடுதண்ணீர் வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்கள் இணைப்பிதழில் வந்த கடற்கரைச் சுற்றுலாக் கட்டுரையைப் படித்தேன். படங்கள் நன்றாக இருந்தன, எங்கள் மொரீஷியஸ் தீவைப் பற்றி எழுதியதும் நன்றாக இருந்தது. ஆனால் கடைசியில் கட்டம் கட்டி நாலு வரி முதலுதவிக் குறிப்பு போட்டிருந்தீர்களே, அதைப் படித்ததும் எனக்குக் கை நடுங்கிவிட்டது. கடலில் எது கடித்தாலும் எது குத்தினாலும் காயத்துக்கு மேலே இறுக்கிக் கட்ட வேண்டும், ஐஸ் வைக்க வேண்டும், அப்புறம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று அதில் இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னது மட்டும்தான் அதில் சரி. மற்ற இரண்டையும் நம்பி யாராவது செய்தால் என்ன ஆகும் என்பதை நான் என் வீட்டில் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொண்டு முழுதும் படியுங்கள்.

நான் தூத்துக்குடிக்காரி. தாத்தா சங்கு குளித்தவர். கல்யாணமாகி மொரீஷியஸ் வந்து 19 வருஷம் ஆகிறது, இங்கே வடக்கே குட்லாண்ட்ஸ் பக்கம் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக் கொடுக்கிறேன். வீட்டுக்காரரின் குடும்பம் நாலைந்து தலைமுறையாக இந்தத் தீவில் இருக்கிறது. வீட்டில் எல்லாரும் கிரியோல்தான் பேசுவார்கள், என்னை அண்ணி என்று தமிழில் கூப்பிடுகிற ஒரே ஆள் என் கொழுந்தன்.

அந்தக் கொழுந்தனுக்குத்தான் நடந்தது. ஊரித் தடைக்காலம் முடிந்த கையோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஊரித் என்றால் இங்கே ஆக்டோபஸ், நம்மூரில் கணவாய் என்றுகூடச் சிலர் சொல்வார்கள். கிராண்ட் கோப் கரையில் சவுக்கு மரத்தடியில் பாய் விரித்து, கேஸ் அடுப்பைப் பற்றவைத்து, டேக்சாவில் சோற்றுக்கு உலை வைத்திருந்தோம். கடல் வற்றியிருந்த நேரம். முட்டளவுத் தண்ணீரில் இரும்புக் கம்பியும் கையுமாக ஊரித் தேடிப் போனவர், கரைக்கு இருபது அடி இருக்கும்போது அலறினார். காலில் ரப்பர் செருப்பு இருந்தது, அதையும் துளைத்துக்கொண்டு ஏறியிருந்தது முள். தூக்கிக்கொண்டு வந்து பார்த்தால் பாதத்தில் இரண்டே துளை, சுற்றிலும் வெளுத்துப்போய், அந்த வெளுப்பைச் சுற்றி நீலம் பாய்ந்துகொண்டிருந்தது. தைப்பூசத்துக்கு வருஷாவருஷம் உடம்பெல்லாம் வேல் குத்திக் காவடி எடுத்துக் கோவில் படி ஏறுகிற மனுஷர் அவர், ஒரு முனகல் வராது. அன்றைக்கு மணலைக் கைநிறைய அள்ளி வாயில் திணித்துக்கொண்டு அழுதார். காலை வெட்டிப் போடுங்கள் என்று கிரியோலில் திரும்பத் திரும்பச் சொன்னார்.

வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒரு வயதான மீன்காரர் ஓடிவந்தார். காலைப் பார்த்ததும் "லாஃப்!" என்றார். லாஃப் என்பது இங்கே கல்மீனுக்குப் பெயர், கல்லோடு கல்லாகக் கடலடியில் அசையாமல் கிடக்கிற விஷமுள் மீன். அடுத்து அவர் சொன்னது "திலோ சோ, திலோ சோ!" சுடுதண்ணீர், சுடுதண்ணீர். எங்கள் உலைத் தண்ணீரை அப்படியே ஒரு வாளியில் கவிழ்த்து, பச்சைத் தண்ணீர் கலந்து, முதலில் தன் முழங்கையை உள்ளே விட்டுப் பார்த்தார். அப்புறம் கொழுந்தனின் நல்ல காலை உள்ளே வைக்கச் சொன்னார். அது பொறுத்துக்கொண்டது என்று தெரிந்த பிறகுதான் குத்துப்பட்ட காலை அதன் பக்கத்தில் வைத்தார். வலியில் கிடக்கிற காலுக்குச் சூடு தெரியாது, அதை மட்டும் நம்பி ஊற்றினால் தோல் வெந்துவிடும், அதனால் நல்ல காலும் கூடவே தண்ணீரில் இருக்க வேண்டும் என்று விளக்கினார். ஆறினால் மறுபடி சூடு ஊற்றுவார், ஊற்றும்போது இரண்டு காலையும் வெளியே எடுக்கச் சொல்வார். கால் மணி நேரத்துக்குள் கொழுந்தன் மணலைத் துப்பிவிட்டுத் தண்ணீர் கேட்டார்.

சரி, நன்றாகத்தானே போயிற்று என்று நினைத்தோம். அங்கிருந்து ஒரு சிகிச்சை மையத்துக்குப் போனோம், பெயர் எதற்கு. வண்டியிலும் வாளியில்தான் கால். அங்கே இருந்த ஓர் இளம் பணியாளர் வாளியைத் தள்ளிவைத்துவிட்டு, வீக்கம் வடியட்டும் என்று ஐஸ் பையை வைத்துக் கட்டினார். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை, வலி பழையபடி தொடையிடுக்கு வரை ஏறிவிட்டது. சுடுதண்ணீர் வையுங்கள் என்று நான் கெஞ்சினேன், அது நாட்டு வைத்தியம், இங்கே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். முக்கால் மணி நேரம் கழித்து அவருக்கு மேலே உள்ளவர் வந்து பார்த்ததும் முதலில் கேட்டதே வெந்நீர்தான். பிறகு ரத்த அழுத்தம் பார்த்தார்கள், வலி மருந்து போட்டார்கள், உள்ளே முள் முறிந்து கிடக்கிறதா என்று பார்த்தார்கள், டெட்டனஸ் ஊசி போட்டார்கள். அந்த இளைஞரைத் திட்ட நான் எழுதவில்லை. வீக்கம் என்றால் ஐஸ் என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். பந்து விளையாடிக் கால் பிசகினால் அது சரிதான். ஆனால் அந்த முக்கால் மணி நேர வலி என் கொழுந்தனுக்கு வந்திருக்கவே வேண்டியதில்லை, இப்போது உங்கள் கட்டுரையும் அதே ஐஸைத்தான் சொல்கிறது.

இது நாட்டு வைத்தியமே இல்லை. 45 டிகிரி செல்சியஸ் அளவு சூடான, தோல் தாங்கக்கூடிய தண்ணீரில் 30 முதல் 90 நிமிஷம் வரை வைக்கச் சொல்வது உலகம் முழுக்க மருத்துவர்கள் ஏற்றுக்கொண்ட முறை. கல்மீனுக்கு மட்டுமில்லை, சிங்கமீன், திருக்கை முள், கடல் கெளுத்தி முள் எல்லாவற்றுக்கும் இதுதான். காரணம், இந்த மீன்முள் விஷங்கள் பெரும்பாலும் புரதம். முட்டை வெள்ளைக்கரு சூடு பட்டால் உருமாறுகிற மாதிரி இதுவும் சூட்டில் உருக்குலையும். அதோடு, சூடு என்கிற உணர்ச்சியே வலிச் செய்தியை மட்டுப்படுத்தும் என்றும் சொல்கிறார்கள்.

அன்றிரவு தூக்கம் வராமல் ஊருக்கு என் தம்பியைக் கூப்பிட்டேன். அவன் திருநெல்வேலிப் பக்கம் மருந்தியல் வாத்தியார். மூன்று மணி நேரம் பேசியிருப்போம். அப்புறம் நானாகவும் தேடித் தேடிப் படித்தேன். அதில் புரிந்துகொண்டதைத்தான் கீழே எழுதுகிறேன். கடல் விஷம் என்று ஒரு பொருள் கிடையாது. ஒவ்வொரு பிராணியும் நம் நரம்பிலோ தசையிலோ ஒரு குறிப்பிட்ட கதவைத்தான் தொடுகிறது. எந்தக் கதவு என்று தெரியாமல் எல்லாவற்றுக்கும் ஒரே வைத்தியம் எழுதினால் ஆபத்து.

தம்பி முதலில் தசையைப் பற்றிச் சொன்னான். "அக்கா, உடம்பில் நாம் சொன்னால் கேட்கிற தசை ஒன்று, சொன்னால் கேட்காத தசை ஒன்று." கை, கால், நாக்கு, மூச்சிழுக்கும் உதரவிதானம் எல்லாம் முதல் வகை. குடல், ரத்தக்குழாய், நுரையீரலுக்குள் போகிற சிறு காற்றுக்குழாய், மூத்திரப்பை, கர்ப்பப்பை, இவற்றின் சுவரில் இருப்பது இரண்டாம் வகை, பள்ளிப் புத்தகத்தில் வரியற்ற தசை என்று படித்திருப்போம். அதை வைத்து அவர்கள் ஆய்வு செய்வது எப்படி என்றும் சொன்னான். முயலின் குடலில் ஒரு விரல்கடை நீளத் துண்டு எடுத்து, 37 டிகிரியில் உப்புக்கரைசல் நிரம்பிய கண்ணாடிக் குழாயில் நூல் கட்டித் தொங்கவிடுவார்கள், காற்றுக் குமிழி போய்க்கொண்டே இருக்கும். உடம்பை விட்டு வந்த பிறகும் அந்தத் துண்டு மணிக்கணக்கில் தானாகச் சுருங்கி விரியும். நூலின் மறுமுனையில் ஒரு நெம்புகோல், அதன் நுனி புகைக்கரி படிந்த காகித உருளையில் கோடு கிழித்துக்கொண்டே போகும். ஒரு சொட்டு மருந்து விட்டால் கோடு மலை மாதிரி ஏறும், இல்லை தரையோடு தரையாகப் படுத்துவிடும். அவன் படித்த காலத்தில் அந்த உருளைதான், இப்போது கணினி.

கல்மீன் விஷம் என்ன செய்கிறது என்பதை இப்படித்தான் கண்டுபிடித்திருக்கிறார்கள். அதன் முதுகில் 13 முள், ஒவ்வொரு முள்ளின் இரண்டு பக்கமும் விஷப்பை, மேலே தோல் உறை. மீன் தானாக வந்து குத்தாது. நாம் மிதிக்கிற எடையில்தான் உறை கீழே இறங்கி, பை நசுங்கி, விஷம் முள்ளின் வரிப்பள்ளம் வழியே மேலே பீய்ச்சும். எவ்வளவு அழுத்தி மிதிக்கிறோமோ அவ்வளவு விஷம். அந்த விஷத்தில் இருக்கும் புரதத்தின் இரண்டு பாகங்கள் ஒன்றுசேர்ந்து உயிரணுவின் சுவரில் துளை போடுகின்றன. நரம்பு நுனியில் துளை விழுந்தால் கால்சியம் உள்ளே பாய்கிறது, தசைக்குச் செய்தி சொல்ல நரம்பு சிறுகச் சிறுகச் செலவழிக்க வேண்டிய அசிட்டைல்கோலின் மொத்தமும் ஒரே மூச்சில் கொட்டிவிடுகிறது. முதலில் தசை துடிக்கும், பிறகு சொல்வதற்குச் செய்தியே மிச்சமில்லாமல் துவண்டுவிடும். ரத்தக்குழாயின் வரியற்ற தசைக்கு நேர்வது இன்னொன்று. குழாயின் உள்படலம் நைட்ரிக் ஆக்சைடை வெளியிட, தசை தளர்ந்து, குழாய் அகன்று, ரத்த அழுத்தம் விழுகிறது. அதனால்தான் வலி போய்விட்டது என்று வீட்டுக்குப் போகக்கூடாது, ஆஸ்பத்திரியில் அழுத்தம் பார்க்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் 1959 முதல் குதிரை ரத்தத்திலிருந்து இதற்கு மாற்று மருந்து செய்கிறார்கள்.

இந்த மாதிரிக் குத்துக்கு மேலே இறுக்கிக் கட்டினால், திசுவைத் தின்னுகிற விஷம் ஒரே இடத்தில் தேங்கும், ரத்த ஓட்டமும் நின்றுபோகும், கால் அழுகவும் கூடும். கட்டாதீர்கள். கீறி ரத்தம் எடுக்காதீர்கள். வாய் வைத்து உறிஞ்சாதீர்கள்.

இப்போது சூடு வேலைக்கே ஆகாத விஷத்தைச் சொல்கிறேன். பேத்தை மீன். இங்கே பூல்தாங் என்பார்கள். போன வருஷம் இங்கே ஆலைக்கு வேலைக்கு வந்த ராமநாதபுரத்துப் பையன்கள் இரண்டு பேர் படகுத்துறையில் தூண்டில் போட்டு ஒன்றைப் பிடித்து வைத்திருந்தார்கள், வயிறு பந்தாக ஊதிக்கொண்டு, பலகைமேல் உருண்டு, கிளி மூக்கு மாதிரியான பல்லைக் கடகடவென்று கடித்துக்கொண்டு கிடந்தது. "டீச்சர், தோலை உரித்துவிட்டு நன்றாக வேகவைத்தால் சாப்பிடலாமா?" என்று கேட்டார்கள். நல்ல காலம், கேட்டார்கள். வேகவைத்தாலும் வறுத்தாலும் போகாது, தம்பிகளா, கடலில் போடுங்கள் என்றேன். அதன் ஈரல், சினை, தோலில் இருக்கிற டெட்ரோடோடாக்சின் புரதம் இல்லை, சின்ன மூலக்கூறு, சமையல் சூட்டுக்கு அசையாது. மீனே அதைச் செய்வதுமில்லை, சில பாக்டீரியாக்கள் செய்கின்றன, இரை வழியாக மீனுக்குள் சேர்கிறது. 1909இல் ஜப்பானில் தஹாரா என்பவர் பெயர் வைத்தார். அது நரம்பில் எதை அடைக்கிறது என்பதை 1964இல் நராஹாஷியும் அவருடன் இருந்தவர்களும் காட்டினார்கள். நரம்பில் செய்தி ஓட வேண்டுமானால் சோடியம் உள்ளே நுழைய வேண்டும், அந்தச் சோடியம் கதவில் புட்டிக்குத் தக்கை அடித்த மாதிரி இது போய் உட்கார்ந்துகொள்கிறது. முதலில் உதடு, நாக்கு மதமதக்கும். பிறகு விரல் நுனி. பிறகு நடை தள்ளாடும், பேச்சு குழறும், கடைசியில் உதரவிதானம் நின்று மூச்சு நின்றுவிடும்.

இதில் ஒரு விஷயத்தை உங்கள் வாசகர்கள் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். கை அசையாது, இமை அசையாது, கண்மணிகூட வெளிச்சத்துக்குச் சுருங்காமல் போகலாம், பார்ப்பவர்கள் போய்விட்டது என்று முடிவு கட்டிவிடுவார்கள். ஆனால் உள்ளே அந்த ஆளுக்குப் பெரும்பாலும் நினைவு இருக்கும். யார் அழுகிறார்கள், யார் என்ன சொல்கிறார்கள் என்பதெல்லாம் கேட்டுக்கொண்டு படுத்திருப்பார். இதற்கு மாற்று மருந்து கிடையாது, ஆனால் மூச்சை மட்டும் யாராவது அவருக்காக நடத்திக் கொடுத்தால், வாயோடு வாய் வைத்தோ, ஆஸ்பத்திரியில் கருவி வைத்தோ, முதல் 24 மணி நேரத்தைத் தாண்டிவிட்டால் பெரும்பாலும் முழுசாகப் பிழைத்து எழுந்துவிடுவார். ஆகவே மூச்சு ஊதிக்கொண்டே இருக்க வேண்டும், பேசிக்கொண்டும் இருக்க வேண்டும், இதோ வண்டி வருகிறது, பயப்படாதே என்று அவர் காதில் சொல்ல வேண்டும்.

குடல் துண்டுக்கு இதே விஷத்தை விட்டால் என்ன ஆகும் என்று தம்பியிடம் கேட்டேன். பெரிதாக ஒன்றும் ஆகாது அக்கா என்றான், எனக்கு ஆச்சரியமாகிவிட்டது. வரியற்ற தசை பெரும்பாலும் கால்சியத்தை வைத்தே வேலை செய்கிறது, சோடியம் கதவை அடைத்தாலும் அது தானாகச் சுருங்கிக்கொண்டு போகும். அதனால் புது மருந்து ஒன்று குடலைச் சுருக்குகிறதென்றால், அது நரம்பைத் தூண்டிச் சுருக்குகிறதா, நேரே தசையைத் தொட்டுச் சுருக்குகிறதா என்று பார்க்க முதலில் இந்தப் பேத்தை விஷத்தைச் சொட்டு விடுவார்களாம். சுருக்கம் நின்றுபோனால் நரம்பு வழி, நிற்காவிட்டால் தசை வழி. ஆளைக் கொல்கிற விஷம் ஆய்வுக்கூடத்தில் இப்படி ஒரு கேள்விக்குப் பதில் சொல்கிறது.

ஊரித் என்று மேலே சொன்னேன் அல்லவா, அதன் உறவுக்கார ஆக்டோபஸ் ஒன்று மத்தியதரைக் கடலில் இருக்கிறது. அதன் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து இத்தாலியர் விட்டோரியோ எர்ஸ்பாமர் எலிடாய்சின் என்ற பொருளைப் பிரித்தார், 11 அமினோ அமிலம் கொண்ட சின்னச் சங்கிலி. அதே பொருள் குடல் தசையை முறுக்குகிறது, ரத்தக்குழாயைத் தளர்த்துகிறது. வரியற்ற தசை என்று ஒரே பெயரில் சொன்னாலும் ஒவ்வோர் உறுப்பிலும் அதன் குணம் வேறு. இங்கே நாம் சாப்பிடுகிற ஊரித் பற்றிப் பயப்பட வேண்டாம், உயிரோடு இருக்கும்போது அலகு இருக்கும் பக்கத்தில் கையை விடாமல் இருந்தால் போதும்.

பிள்ளைகள் விஷயத்தில் எனக்குப் பெரிய பயம் கூம்புச் சங்கு. சங்கு குளித்தவர் பேத்தி நான், சங்கைக் கண்டால் கையில் எடுக்காமல் இருக்க முடியாது, என் வகுப்புப் பிள்ளைகளும் அப்படித்தான். எங்கள் காயலிலும் பவளத்திட்டிலும் கிடைக்கிற சங்கிலேயே அழகானது இதுதான், நெசவுத் துணி மாதிரி பழுப்பும் வெள்ளையுமாகப் பின்னல் ஓடும். உயிருள்ள சங்கு, சிப்பி, பவளம் எதையும் கடலிலிருந்து எடுப்பது இங்கே குற்றம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். அந்தச் சங்குக்குள் இருக்கும் நத்தை பல்லை அம்பாக எறிகிறது, துளையுள்ள அம்பு, அதற்குள் விஷம். குறுகிய முனையைப் பிடிக்காமல் அகன்ற முனையைப் பிடித்தால் பயமில்லை என்று சொல்வதை நம்பாதீர்கள், அதன் குழல் நீண்டு வளைந்து வரும். சட்டைப்பையில் போட்டாலும் துணியைத் துளைக்கும். குத்தியது சில சமயம் வலிக்கவே வலிக்காது.

அந்த ஒரே அம்பில் பல விதமான விஷம் இருக்கிறது என்பதை முதலில் விரிவாகப் பிரித்துக் காட்டியவர்களில் பிலிப்பைன்ஸில் பிறந்த பால்டோமெரோ ஒலிவேரா முக்கியமானவர், அமெரிக்காவில் யூட்டா பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்தவர். ஒன்று நரம்பு நுனியின் கால்சியம் கதவைச் சாத்தி அசிட்டைல்கோலின் வெளியே வராமல் தடுக்கிறது. இன்னொன்று, தப்பித் தவறி வந்த அசிட்டைல்கோலினைத் தசை வாங்கிக்கொள்ள விடாமல் தடுக்கிறது. மூன்றாவது, தசையின் சோடியம் கதவையே பூட்டிவிடுகிறது. நத்தைக்கு இரையாகிற மீன் ஓடுவதற்கு வழியே இல்லை. புவிக்கூம்பு என்று சொல்லத்தக்க ஒரு வகை, மீனின் சர்க்கரையைச் சட்டென்று இறக்கி மயக்க இன்சுலினையே தண்ணீரில் விடுகிறது, இது 2015இல்தான் தெரியவந்தது. மந்திரக்கூம்பு என்கிற வகையிலிருந்து கிடைத்ததை அப்படியே ஆய்வுக்கூடத்தில் செய்து, சிகோனோடைட் என்ற பெயரில் 2004 டிசம்பரில் அமெரிக்காவில் மருந்தாக அனுமதித்தார்கள். மார்ஃபினுக்கும் கட்டுப்படாத வலிக்குத் தண்டுவடத் திரவத்துக்குள் சிறு பம்ப் வைத்துச் செலுத்துவது. ஏன் சாதாரண ஊசியாகப் போடுவதில்லை என்றால், ரத்தத்தில் கலந்தால் ரத்தக்குழாய்களைப் பிடித்து வைத்திருக்கும் நரம்புகளும் ஓய்ந்து, அழுத்தம் விழுந்துவிடும். மறுபடியும் அதே வரியற்ற தசைதான்.

கூம்புச் சங்கு குத்தினால் மாற்று மருந்து கிடையாது. இங்கே மட்டும் கட்டு உண்டு, ஆனால் கயிறு கட்டி இறுக்குவதில்லை. அகலமான துணிப்பட்டியை விரல் நுனியிலிருந்து மேலே வரை, சுளுக்குக்குக் கட்டுகிற பதத்தில் சுற்றி, ஒரு குச்சி வைத்து அசையாமல் வைத்து, ஆளை நடக்கவிடாமல் தூக்கிப் போக வேண்டும். மூச்சைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், பேத்தைக்குச் சொன்னது அத்தனையும் இதற்கும் பொருந்தும்.

குத்தாமல் கடிக்காமல் தட்டில் வருகிற விஷமும் எங்கள் தீவில் உண்டு. பவளப்பாறைப் பாசியில் ஒட்டி வாழும் ஒற்றைச்செல் உயிர் ஒன்று அதைச் செய்கிறது, பாசி மேய்கிற சின்ன மீன் தின்கிறது, அதைப் பெரிய மீன் தின்கிறது, போகப் போகச் சேர்கிறது. அந்த மீனைத் தின்று வருகிற நோய்க்குச் சிகுவாட்டேரா என்று பெயர், விஷத்துக்குச் சிகுவாடாக்சின். எங்கள் நசரேத் திட்டு, சாயா தெ மல்யா திட்டுப் பக்கம் பிடித்த மீன்களிலிருந்தே இந்தியப் பெருங்கடலுக்கென்று தனியான சிகுவாடாக்சின் வகையை 2002இல் பிரித்துக் காட்டினார்கள். இது பேத்தை விஷத்துக்கு நேர் எதிர். அது சோடியம் கதவை அடைக்கிறது, இது சாத்தவிடாமல் திறந்தே வைக்கிறது. நரம்பு காரணமில்லாமல் சடசடவென்று அடித்துக்கொண்டே இருக்கும், குடல் முறுக்கி வயிறு போகும், நாடி மெதுவாகும். இதற்கென்றே ஓர் அடையாளம் உண்டு, குளிர்ந்த தண்ணீரைத் தொட்டால் நெருப்பாகச் சுடும். பக்கத்து வீட்டு ஆயா ஒருவர் இரண்டு மாதம் குழாய்த் தண்ணீரில் கை கழுவ முடியாமல் துணி சுற்றிக்கொண்டு பாத்திரம் தேய்த்தார். வயசாகிவிட்டது, மனப்பிரமை என்று வீட்டில் சொன்னார்கள். பிரமையே இல்லை, மீனின் விஷம். ருசியிலும் வாசனையிலும் தெரியாது, வேகவைத்தாலும் உறையவைத்தாலும் போகாது. ரொம்பப் பெரிய பவளப்பாறை மீனை, அதிலும் தலையையும் ஈரலையும், வாங்காமல் இருப்பதுதான் வழி.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், இரண்டாம் முறை பற்றி. 1901இல் மொனாக்கோ இளவரசரின் கப்பலில் போன போர்ட்டியே, ரிஷே என்ற இரண்டு பிரெஞ்சு ஆய்வாளர்கள் நீலப்புட்டிச் சொறி என்கிற, ஜெல்லிமீன் மாதிரியான பிராணியின் விஷத்தை ஆராய்ந்தார்கள். ஊர் திரும்பிக் கடல் சாமந்தி என்கிற பிராணியின் விஷத்தை நாய்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். முதல் தடவை தாங்கிக்கொண்ட நாய் ஒன்றுக்கு மூன்று வாரத்துக்கும் மேல் கழித்து மிகச் சிறிய அளவு கொடுத்தபோது 25 நிமிஷத்தில் செத்துவிட்டது. பழகிவிடும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு நேர் எதிராக நடந்தது. இன்று ஒவ்வாமை அதிர்ச்சி என்கிறோமே, அதை இப்படித்தான் கண்டார்கள், ரிஷேவுக்கு 1913இல் நோபல் கிடைத்தது. காற்றுக்குழாயின் வரியற்ற தசை இறுகி மூச்சு அடைக்கும், அதே நேரம் ரத்தக்குழாயின் தசை தளர்ந்து அழுத்தம் விழும். இரண்டையும் திருப்புகிற மருந்து அட்ரினலின். ஆகவே போன தடவை சொறி பட்டு ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லிக்கொண்டு இந்தத் தடவை சும்மா இருக்க வேண்டாம். முகம் வீங்கினாலோ, மூச்சில் விசில் வந்தாலோ உடனே ஆஸ்பத்திரிதான்.

தஞ்சாவூர்ப் பக்கத்து வாசகர்களுக்காக ஒரு வரி. நெல்லில் தண்டுத்துளைப்பானுக்குத் தூவுகிற கார்டாப் குருணை தெரியுமல்லவா? ஜப்பானியத் தூண்டில்காரர்கள் இரைக்கு வைத்த கடற்புழுவின் மேல் உட்கார்ந்த ஈக்கள் செத்து விழுவதைப் பார்த்தார்கள், அந்தப் புழுவின் விஷத்தை மாதிரியாக வைத்துப் பிறகு செய்ததுதான் அது. அதுவும் அசிட்டைல்கோலின் கதவைத்தான் அடைக்கிறது. கடலுக்கும் நமக்கும் சம்பந்தமில்லை என்று உள்நாட்டில் இருப்பவர்கள் நினைக்க வேண்டாம்.

ஐயா, உங்கள் பத்திரிகையைத் தூத்துக்குடியிலும் ராமேஸ்வரத்திலும் படிக்கிறார்கள், இங்கே நானும் என்னைப் போல வேலைக்கு வந்தவர்களும் கைபேசியில் படிக்கிறோம். கட்டம் கட்டிப் போட்ட குறிப்பை ஜனங்கள் வெட்டி வைத்துக்கொள்வார்கள், படம் எடுத்து அனுப்புவார்கள். கட்டுரை மறந்துவிடும், அந்த நாலு வரிதான் நிற்கும். ஆகவே திருத்தத்தை உள்பக்கத்தில் சின்ன எழுத்தில் போடாமல், அதே இணைப்பிதழில், அதே இடத்தில், அதே அளவு கட்டத்தில் போடுங்கள். மீன் முள் குத்தினால் சுடுதண்ணீர் என்று முதல் வரி இருக்கட்டும், நல்ல காலை முதலில் வைத்துச் சூடு பார்க்க வேண்டும் என்பதை விட்டுவிடாதீர்கள், தோல் வெந்துபோனால் அது இன்னொரு காயம். உதடு மதமதத்தாலோ, கூம்புச் சங்கைத் தொட்ட பிறகு இமை கனத்தாலோ மூச்சைப் பார், மூச்சு ஊது, பேசிக்கொண்டிரு என்று இரண்டாம் வரி. மொரீஷியஸ் வாசகர்களுக்கு ஆம்புலன்ஸ் எண் 114 என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கொழுந்தன் இப்போது நன்றாக இருக்கிறார், பாதத்தில் ஒரு ரூபாய் அளவுக்குக் கறுத்த வடு மட்டும் இருக்கிறது. அடிக்கட்டை கெட்டியான காலணி வாங்கியிருக்கிறார், அதையும் காலைத் தூக்கி வைக்காமல் மணலோடு தேய்த்துத் தேய்த்துத்தான் நடக்கிறார், திருக்கை கிடந்தால் விலகிப் போய்விடும் என்று அந்த மீன்காரர் சொல்லிக் கொடுத்தது. இப்போதெல்லாம் நாங்கள் கடற்கரைக்குப் போனால் சாப்பாட்டுக்கு வேண்டியதை விட ஒரு பிளாஸ்க் வெந்நீர் அதிகமாகவே போகிறது.

இப்படிக்கு,
ஒரு தமிழாசிரியை,
குட்லாண்ட்ஸ், மொரீஷியஸ்